மாமன் சுட்ட சுண்ணாம்பு

எங்கள் கொல்லையில் கிணறு வெட்டியபோது ஆள்மட்டம் இறங்குவதற்குள் மண்வெட்டியில் வெள்ளை ஒட்ட ஆரம்பித்துவிட்டது. செந்துறைப் பக்கத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மேலே கருமண், அதற்குக் கீழே சுக்காங்கல், அதற்கும் கீழே கெட்டியான சுண்ணாம்புப் பாறை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அப்பாயி அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பாள். கடலை போட்டால் ஒரு பருவத்தில் கொழுந்தெல்லாம் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அப்பா அன்னபேதி உப்பு வாங்கி வந்து தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார். சில நாட்களில் பச்சை திரும்பும்.

இந்தக் கல்லெல்லாம் கடல் போட்டது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இந்த நிலத்தின் மேல் கடல் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. சிப்பியும் நத்தையும் பவளமும் விட்டுப்போன ஓடுகள் படிந்து இறுகிக் கல்லாயின. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860-களில் இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, அவற்றில் இளையதற்கு அரியலூரின் பெயரை வைத்தார். உலகம் முழுக்க நிலவியல் படிப்பவர்களுக்கு நம் அரியலூரின் பெயர் தெரிந்தது அப்படித்தான். சாத்தனூர்க் கல்மரமும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருக்கிற கல் நத்தைகளும் அந்தக் கடலின் மிச்சம். சின்னப் பிள்ளையில் நாங்கள் உழவு சாலில் கிடைத்த சிப்பிக் கற்களைப் பொறுக்கி வந்து பாண்டி ஆடினோம்.

என் தாய்மாமன் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். 1970-களின் கதை இது. அரியலூர், பெரம்பலூர் எல்லாம் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த காலம். ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் வட்டமாகக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய காளவாய். அடியில் காற்றுப் போக ஒரு வாய். மேலிருந்து ஒரு அடுக்கு விறகும் கரியும், அதன் மேல் ஒரு அடுக்கு உடைத்த கல், மறுபடி கரி, மறுபடி கல் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். கல்லை ஒரே அளவாக உடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய கல்லாகப் போட்டால் மேல்புறம் வெந்து நடுவில் பச்சையாக நிற்கும். பொடிக்கல்லாகப் போட்டால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு காற்றே ஏறாது. என் அத்தையும் இன்னும் நாலைந்து பெண்களும் புங்க மரத்தடியில் உட்கார்ந்து சுத்தியலால் நாள் முழுக்கக் கல் உடைப்பார்கள்.

தீ வைத்த பிறகு இரவு பகல் பார்க்காமல் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் வேக 900 டிகிரி வெப்பம் வேண்டும் என்பது எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தது. மாமனுக்கு டிகிரி கணக்கெல்லாம் கிடையாது. வாய்ப்பக்கம் குனிந்து உள்ளே எரிகிற நிறத்தைப் பார்ப்பார். செக்கச்செவேல் என்று இருந்தால் போதாது, அதிலிருந்து மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும். அதே நேரம் வெளுப்பாகவும் ஆகிவிடக் கூடாது. மிதமிஞ்சி வெந்த கல் இறுகிப்போய்த் தண்ணீரில் சரியாக நீறாது. சுவரில் பூசிய பிறகு மெதுவாக நீறிக் கொப்புளம் கொப்புளமாக உதிரும். பக்குவம் தப்பிய அந்தக் கல்லை எந்தக் கொத்தனாரும் திரும்ப வாங்க மாட்டார்.

காளவாய் ஆறிப் பிரிக்கிற நாளில் நானும் போவேன். மாமன் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். பிறகு வலப்பக்கமோ இடப்பக்கமோ எறிவார்.

"எதப் பாத்துப் பிரிக்கிறீங்க மாமா?"

"கண்ணால பாக்காத மாப்ள, கையால பாரு. வெந்த கல்லு கனக்காது. கனத்துச்சுன்னா உள்ள இன்னும் பச்சையா கெடக்குன்னு அர்த்தம்."

அவர் கை சொன்ன கணக்கு இதுதான். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ. அதுதான் சுட்ட சுண்ணாம்பு, வேதியியல் புத்தகத்தில் கால்சியம் ஆக்சைடு. கிட்டத்தட்டப் பாதி எடை புகையோடு போகிறது. அதே பருமனில் இருக்கிற வேகாத கல்லும் வெந்த கல்லும் கையில் எப்படித் தெரியாமல் போகும்? ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் 1750-களில் தராசை வைத்துக்கொண்டு இந்த எடைக்குறைவின் பின்னால் போனார். கல்லுக்குள் அடைபட்டிருக்கிற ஒரு காற்று சூட்டில் வெளியேறுகிறது என்று நிறுவினார். நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிற வாயுவை முதன்முதலில் தனியாக அடையாளம் கண்டது அந்த ஆராய்ச்சிதான். என் மாமன் அவரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தை ஒரே வழியில் பிடித்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுட்ட சுண்ணாம்பை மழைக்கண்ணில் காட்டவே கூடாது. ஒருமுறை வண்டியில் மூட்டைகளை ஏற்றி, மேலே வைக்கோல் பரப்பி அனுப்பியிருந்தார்கள். வழியில் பிடித்த தூறல் மூட்டைக்குள் இறங்கிவிட்டது. சுண்ணாம்பு கொதித்து, அந்தச் சூட்டில் வைக்கோல் புகைந்து, வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தானும் ஓடிவந்தார். தண்ணீர் பட்டு நெருப்பு பிடிக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கே தெரியும்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு நீற்றுவார்கள். வாசலில் ஒரு பழைய தொட்டி அல்லது மண்ணில் தோண்டிய குழி. அதில் முதலில் தண்ணீர், பிறகு ஒவ்வொரு கல்லாக. கல் விழுந்ததும் முதலில் சீறும். ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் நாலாபக்கமும் வெடித்துப் பிளந்து, புகையாய் ஆவி கிளம்பி, தொட்டி முழுக்கத் தளபுளவென்று கொதிக்கும். அடியில் விறகு கிடையாது, தீ கிடையாது. எங்களை அப்பா அருகிலேயே விட மாட்டார். தூர நின்று பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒரு பயமும் சந்தோஷமும் சேர்ந்து வரும். அடங்கிய பிறகு நீளக் கழியால் கிண்டிவிட்டுச் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ எடுத்தால் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். நாள்பட நாள்பட நல்லது என்று கொத்தனார்கள் சொல்வார்கள். அதைக் கரைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித்தண்ணீரும் கல்லுப்பும் துளி நீலமும் போட்டு, தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கி அதனால் அடிப்போம்.

அடித்த அன்று சுவர் மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். தண்ணீர் உலர்வது அதில் பாதிக் காரணம்தான். காளவாயில் கல் இழந்த அந்தக் கரியமில வாயுவை இப்போது காற்றிலிருந்து சுண்ணாம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றின சுண்ணாம்பாகும். அது சுவரில் மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு வாயுவை வாங்கி, முழுசாக மாறி முடிக்கும்போது மறுபடி 100 கிலோ கல். ஓடையிலிருந்து வெட்டி எடுத்த அதே பொருள்தான் கடைசியில் எங்கள் வீட்டுச் சுவரில் மெல்லிய ஏடாக நிற்கிறது. வேதியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு வேறு எதுவும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் இதை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தினார். "உங்க மாமன்கிட்ட ரெண்டு கல்லு வாங்கிட்டு வாடா" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்தார். பார்வைக்குக் குடிதண்ணீர் போல இருக்கும். பப்பாளித் தண்டை உள்ளே விட்டு ஊதச் சொன்னார், உறிஞ்சக் கூடாது என்று பலமுறை எச்சரித்துவிட்டு. நான் ஊதினேன். தண்ணீர் பால் போலக் கலங்கியது. என் மூச்சில் இருந்த வாயு சுண்ணாம்பைக் கல்லாக்கிவிட்டது. "நிறுத்தாத, ஊது" என்றார். ஊதிக்கொண்டே இருக்க, கலங்கினது மறுபடி தெளிந்தது. வாயு அதிகமானால் அந்தக் கல் கரையும் உப்பாக மாறிவிடும். பிறகு அந்தக் குவளையை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். திரும்பவும் வெள்ளை படிந்தது. எங்கள் வெந்நீர்ப் பானையில் மாதாமாதம் நடப்பது இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. மழைநீர் வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைக்கிறது, அடுப்பு அதைத் திரும்பக் கல்லாக்குகிறது. இன்னொன்றும் காட்டினார். உப்பு, சர்க்கரை எல்லாம் வெந்நீரில் அதிகம் கரையும். சுண்ணாம்பு மட்டும் நேர்மாறு. குளிர்ந்த நீரிலேயே லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது, சூடாக்கினால் அதுவும் குறையும்.

காரம் என்றால் என்ன என்பதை அவர் விளக்குவதற்கு முன்பே அப்பாயி எனக்குக் காட்டியிருந்தாள். யார் ஊரிலிருந்து வந்தாலும் ஆரத்தி எடுப்பாள். தாம்பாளத் தண்ணீரில் மஞ்சளைக் கரைப்பாள். தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல்நுனியில் தொட்டு அதில் கலக்குவாள். மஞ்சள் தண்ணீர் ஒரே நொடியில் ரத்தச் சிவப்பாகும். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் தோய்த்த காகிதத்தைக் காரம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். அளவு பன்னிரண்டரைக்குப் பக்கத்தில். சோப்புத் தண்ணீரைவிடப் பல மடங்கு காரம். அப்பாயியின் வாயைச் சிவக்கவைத்ததும் அதே சுண்ணாம்பின் காரம்தான். (வெற்றிலை பாக்கைப் பற்றி நல்ல வார்த்தை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக அளவில் உறுதிப்பட்டிருக்கிறது.)

பனையேறிகளுக்குச் சுண்ணாம்பு இல்லாமல் தொழிலே கிடையாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். காரத்தில் நுரைக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெருகாது, இனிப்பு இனிப்பாகவே நிற்கும். இந்த ஒரு விரல் சுண்ணாம்பின் அருமை, பின்னால் நான் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

திருச்சியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எறையூர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். கரும்பு பிழிந்த சாறு பச்சையும் கறுப்புமாக, மண்ணும் மெழுகும் சக்கைத்தூளும் கலந்து வரும். அதற்குக் கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு. அப்படியே காய்ச்சினால் அந்தப் புளிப்பே சர்க்கரையை உடைத்துப் படிகமாக விடாமல் செய்துவிடும். ஆகவே சாற்றைச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலைக் கலந்து, கூடவே கந்தகத்தை எரித்த புகையைச் செலுத்துவார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன் செய்து பி.எச். ஏழுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சுண்ணாம்பு சாற்றில் இருக்கிற பாஸ்பேட்டோடும் கந்தகப் புகையோடும் சேர்ந்து சிறுசிறு திரள்களாகி, அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே தேன் நிறத்தில் தெளிந்த சாறு நிற்கும். அடிமண்டி வடிகட்டிக்குப் போய் பிரஸ்மட் ஆகி, வயலுக்கு உரமாகத் திரும்பும். சுண்ணாம்பு ஒரு பிடி குறைந்தால் சர்க்கரை உடையும். ஒரு பிடி கூடினால் சாறு கறுக்கும். பனையேறி கண்ணளவில் தடவியதைத்தான் நாங்கள் மணிக்கு மணி அளந்துகொண்டிருந்தோம்.

ஆலைக்கு லாரி லாரியாகச் சுட்ட சுண்ணாம்பு வரும். அதில் உண்மையான சுண்ணாம்பு எவ்வளவு, வேகாத கல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. இதற்கு ஒரு அழகான முறை இருக்கிறது. வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு சரியாகக் கரையாது. சர்க்கரைத் தண்ணீரில் பல மடங்கு கரையும். ஆகவே பொடித்த சுண்ணாம்பைச் சர்க்கரைக் கரைசலில் குலுக்கி, இரண்டு சொட்டு பினாப்தலின் விட்டால் கத்திரிப்பூ நிறம் வரும். பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, அந்த நிறம் மறையும் இடத்தில் கணக்கு முடியும். வெந்த சுண்ணாம்பு மட்டும் கரைந்து பதில் சொல்லும், வேகாத கல் அடியில் அப்படியே கிடக்கும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் காரையில் வெல்லத் தண்ணீர் சேர்த்ததை நினைத்துக்கொள்வேன். வெல்லமும் சர்க்கரைதானே.

மாமன் ஒருநாள் என்னைப் பார்க்க ஆலைக்கு வந்திருந்தார். அப்போது அவர் காளவாயை மூடிவிட்டிருந்தார். இடது கண் பார்வையும் போயிருந்தது. கிடங்கில் கொட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து இரண்டு குவியலாகப் போட்டார். "இது நல்லது, இது சரியா வேகல." நான் இரண்டு குவியலிலிருந்தும் எடுத்துப்போய்ப் பொடித்துப் பார்த்தேன். அவர் பிரித்தது அப்படியே சரி. என் மேலதிகாரி எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டார். மாமன் உட்காரவில்லை, வேட்டியெல்லாம் சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டார்.

தொழிற்சாலைகளில் சுண்ணாம்பு போகாத இடம் குறைவு. வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டால்தான் முடி கழன்று வரும். இரும்பு உருக்கும் உலையில் மண்ணையும் பாஸ்பரஸையும் கசடாக இழுத்துக்கொண்டு வருவது சுண்ணாம்பு. காகித ஆலையில் மரக்கூழைச் சமைக்கிற காரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கச் சுண்ணாம்பு வேண்டும். புகளூர் காகித ஆலையில் அப்படி மிஞ்சுகிற சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் வைத்துச் சிமென்ட் செய்கிறார்கள். நீற்றின சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் கொட்டுகிறார்களே, அது. மயில்துத்தத்தோடு சேர்த்தால் திராட்சைக்கும் வெற்றிலைக்கும் தெளிக்கிற போர்டோ கலவை. சுண்ணாம்பையும் நிலக்கரிக் கரியையும் மின்உலையில் சேர்த்து உருக்கினால் கார்பைடு கல். வெல்டிங் பட்டறையின் பின்பக்கம் வெள்ளையாகக் கொட்டிக்கிடக்கும் சேறு, கார்பைடு வாயுவை விட்டுவிட்டு மறுபடி சுண்ணாம்பாகத் திரும்பியதுதான்.

கட்டடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தளம் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒருவர் பாட்டு எடுத்துவிட மற்றவர்கள் கட்டையை ஒரே தாளத்தில் போடுவார்கள். நாள்கணக்கில் நடக்கும். தட்டத் தட்டத் தளம் இறுகி, கடைசியில் கட்டை கீழே இறங்காமல் எகிறும். அப்போதுதான் தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளம் இன்றுவரை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெயில் காலத்தில் கீழே குளிர்ச்சியாகவும் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்காமல் வெளியே விடும். பழைய கோயில் மதிலையும் பழைய வீட்டையும் சிமென்ட் பூசிப் பழுதுபார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பழைய செங்கல்லை அரித்துவிடும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு மட்டுமே மருந்து.

எங்கள் வட்டாரத்தில் காளவாய்கள் அணைந்ததற்குக் காரணம் சிமென்ட்தான். அதையும் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை. டால்மியாபுரத்தில் 1939-லேயே ஆலை வந்துவிட்டது. அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979-ல் வந்தது. செந்துறை வட்டத்திலேயே ஆலத்தியூரில் 1997-ல் பெரிய ஆலை எழுந்தது. எங்கள் உறவில் பல வீடுகளில் அடுப்பெரிவது அந்த ஆலைகளால்தான். ஆலைக்குள் நடப்பதும் மாமன் செய்த வேலையின் நீட்சிதான். அவர் 900 டிகிரியோடு நிறுத்தினார். இவர்கள் களிமண்ணையும் சேர்த்து 1,450 டிகிரி வரை கொண்டுபோய்க் கிளிங்கர் ஆக்குகிறார்கள். அங்கும் கல்லிலிருந்து அதே வாயு போகிறது. உலகச் சிமென்ட் ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்தே வருவது. சுண்ணாம்புச் சுவர் தான் விட்ட வாயுவில் பெரும்பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கான்கிரீட்டும் வாங்கும், ஆனால் மிக மெதுவாக, அதுவும் மேல்தோலோடு. வெட்டி முடித்த சுரங்கப் பள்ளங்கள் தண்ணீர் நின்று குளம்போல ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. வேலியில்லாத பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை.

மாமன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த வருடம். யாரோ அவசரத்தில் தொட்டியில் கல்லை முதலில் கொட்டிவிட்டு, மேலே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார்கள். முறை அதற்கு நேர்மாறு. தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், அதுவும் சிறுகச் சிறுக. குவிந்துகிடக்கும் கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் அந்த இடத்தில் சூடு ஒரேயடியாக ஏறி, தண்ணீர் ஆவியாகிக் குழம்போடு வெடித்துத் தெறிக்கும். கழியோடு குனிந்திருந்த மாமன் முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுத்துக் கழுவவில்லை. சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் இன்னும் கொதிக்கும் என்று பயந்தார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் விட்டார். தாய்ப்பால் விடச் சொன்னார் ஒரு கிழவி. விட்டார்கள். வண்டி பிடித்து, ரயிலைப் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்ந்தபோது நாள் பாதி கழிந்திருந்தது. மருத்துவர் இமையைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே சுண்ணாம்புத் துணுக்குகள் ஒட்டியபடியே இருந்தனவாம். கருவிழி வெள்ளை பூத்துவிட்டது.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. கண்ணின் மேல்தோலில் இருக்கிற கொழுப்பையும் காரம் அப்படித்தான் கரைக்கிறது. அமிலம் பட்டால் மேல்புறத்துப் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரத்துக்கு அந்தத் தடுப்பே எழுவதில்லை, அது உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை காரம் கசிந்துகொண்டே இருக்கும். முதல் சில நிமிடங்களில் ஊற்றுகிற தண்ணீர் செய்வதை அதன் பிறகு எந்த மருந்தாலும் செய்துவிட முடியாது. அன்றைக்கு ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியிருந்தால் அவர் கண் ஒருவேளை தப்பியிருக்கும்.

காளவாய்கள் குறைந்துவிட்டதால் இந்த ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு இப்போது பிளாஸ்டிக் பொட்டலத்திலும் டியூபிலும் வருகிறது. பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். குழந்தைகள் அதை விளையாட்டுச் சாமானாக எடுத்து அமுக்குகிறார்கள். அது வெடித்து நேரே முகத்தில் அடிக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலும் கண் மருத்துவர்கள் இப்படி வந்த பிள்ளைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். வீட்டில் தாத்தாவோ அப்பாயியோ வெற்றிலை போடுகிறவர்களாக இருந்தால் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பொட்டலம் செய்கிறவர்கள் அதன் மேல் தமிழில், கண்ணில் படுகிற அளவு எழுத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும்.

சுண்ணாம்பு நீற்றும் இடத்தில், வெள்ளையடிக்கும் வீட்டில், மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு தூவும் கரையில், எங்கே அதைக் கையாண்டாலும் கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் ஒரு டிரம் நல்ல தண்ணீர் வையுங்கள். உலர்ந்த சுண்ணாம்பு உடம்பில் கொட்டினால் முதலில் தட்டி உதறிவிட்டு, பிறகு தாராளமாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம். எண்ணெய் வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம், கசக்க வேண்டாம். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். தெரிகிற துணுக்கை ஈரத்துணியின் நுனியால் எடுங்கள். ஊற்றி முடித்த கையோடு கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், போகிற வழியிலும் ஊற்றிக்கொண்டே போங்கள்.